பங்காளிகளின் கோட்டை: மோசல் ஆற்றங்கரையில் நான்கு நாட்கள்

முதல் நாள்: கோஹெம்

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ரைன் நதியோடு சேர்வதற்கு முன் மோசல் ஆறு நேராக ஓடுவதே இல்லை. ஒரு குன்றை முக்கால் வட்டம் சுற்றி வந்து, அடுத்த குன்றை எதிர்ப்புறமாகச் சுற்றிக்கொண்டு, ஊருக்கு ஊர் திசை மாறிப் போகிறது. இரு கரைகளிலும் நிற்கவே சிரமமான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. நாங்கள் போனது அக்டோபர் மாதம் என்பதால் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன, சரிவில் ஆட்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பயணத்தின் நோக்கம் எல்ட்ஸ் கோட்டை ஒன்றுதான். ஐரோப்பாவில் இடைக்காலக் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்று இடிபாடுகள், மற்றவற்றில் பல 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்டவை. எதிரியால் ஒருபோதும் தகர்க்கப்படாமல், கட்டிய குடும்பத்தின் கையைவிட்டும் போகாமல் நிற்கும் கோட்டை அரிது. எல்ட்ஸ் அப்படிப்பட்டது என்று படித்த நாளிலிருந்து அதைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன். உடன் வந்தவர் என் அக்கா. 30 ஆண்டுகளுக்கு மேல் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கோட்டைகளில் அவருக்கு முன்பு ஆர்வம் இருந்ததில்லை, சொத்துகளில் உண்டு.

தங்கியது கோஹெம் என்ற சிற்றூரில். அறையின் சன்னலைத் திறந்தால், ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் ஊரின் சொந்தக் கோட்டை தெரிகிறது. கூர்கூரான கோபுரங்கள், நடுவில் பருத்த பெருங்கோபுரம், அதன் சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்டோபரின் பெரிய மொசைக் சித்திரம். கதைப் புத்தக அட்டையில் வரும் கோட்டை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. சந்தேகம் வர வேண்டியதும் அதனால்தான். 1689இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் இந்தக் கோட்டையைத் தகர்த்துவிட்டன. ஏறத்தாழ 180 ஆண்டுகள் இடிபாடாகக் கிடந்த பிறகு, ரவெனே என்ற பெர்லின் தொழிலதிபர் அதை வாங்கி, 1868 முதல் 1877 வரை கோடை மாளிகையாகக் கட்டினார். அவர் காலத்து மனிதர்கள் இடைக்காலம் எவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டும் என்று விரும்பினார்களோ, அந்த விருப்பத்துக்கு எழுப்பிய கட்டடம் இது. மாலையில் மேலே ஏறிச் சுற்றிப் பார்த்தோம். மரவேலைப்பாடுகள் நேர்த்தியானவை, குறை சொல்ல முடியாது. இறங்கும்போது அக்கா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “பழைய பத்திரம் தொலைஞ்சு போய், ஞாபகத்துல இருந்து புதுசா எழுதின மாதிரி இருக்கு. கையெழுத்து மட்டும் ரொம்ப அழகு.”

இரண்டாம் நாள்: எல்ட்ஸ்

கோஹெமிலிருந்து கோப்லென்ஸ் பக்கமாகப் போகும் உள்ளூர் ரயிலில் சில நிறுத்தங்கள் தாண்டினால் மோசல்கெர்ன் வரும். அங்கிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேர நடை. காரில் வருபவர்கள் மேலே உள்ள வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு 800 மீட்டர் இறங்கினால் போதும், அதற்கும் சிறு பேருந்து உண்டு. ஆனாலும் கீழேயிருந்து ஓடையோடு நடந்து போவதே சரியான வழி என்பேன். மதியச் சாப்பாடாகக் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை அறையிலேயே மறந்து வந்துவிட்டேன் என்பது ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அக்கா அதைப் பற்றி வழியெல்லாம் பேசினார்.

ஊரைக் கடந்து, பழைய மாவு ஆலை ஒன்றையும் கடந்ததும் தார்ச்சாலை முடிந்து காடு தொடங்குகிறது. எல்ட்ஸ்பாஹ் ஓடை ஒரு பக்கம் சலசலத்துக்கொண்டே வருகிறது. இரவு மழை பெய்திருந்ததால் பாதையில் கிடந்த சிலேட்டுக் கற்கள் கருநீலமாக மின்னின. கோட்டை எங்கே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம், தெரியவே இல்லை. பொதுவாகக் கோட்டை என்றால் பத்து மைல் தொலைவிலிருந்தே அச்சுறுத்தும் இடத்தில் கட்டுவார்கள். இதுவோ பள்ளத்தாக்கின் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஓடை மூன்று பக்கமும் சுற்றி ஓட, நடுவில் ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனையின் மேல் அது நிற்கிறது. சுற்றியுள்ள குன்றுகள் அதைவிட உயரமானவை. கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகியதும் தலைக்கு மேலே சுவர் எழும்பி நின்றது.

முதல் பார்வையில் அது ஒரு கட்டடமாகவே தோன்றவில்லை. நெருக்கமான ஒரு தெருவை அப்படியே தூக்கிப் பாறை மேல் நிறுத்தியது போலிருந்தது. 30 முதல் 40 மீட்டர் வரை உயர்ந்த எட்டுக் கோபுர வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. கீழே சன்னல் குறைந்த கல் சுவர்கள், மேலே போகப் போக மரச்சட்டங்களுக்கு நடுவே சாந்து பூசிய மெல்லிய சுவர்கள், அவற்றுக்கும் மேலே சிலேட்டுக் கூரைகள். பாறை எப்படி வளைகிறதோ அப்படியே அடித்தளமும் வளைவதால், உள்ளே பல அறைகள் கோணல்மாணலாக இருக்கின்றன. ஒரே கையால் ஒரே காலத்தில் வரையப்பட்ட கட்டடம் இல்லை என்பது தூரத்திலிருந்தே விளங்கிவிடுகிறது.

அதன் காரணம்தான் எல்ட்ஸின் வரலாறு. 1157இல் பேரரசர் பார்பரோசா ஃபிரெட்ரிக் வழங்கிய ஒரு தானப் பத்திரத்தில் ரூடால்ஃப் என்ற எல்ட்ஸ் குடும்பத்தவர் சாட்சியாகக் குறிக்கப்படுகிறார். அந்தக் குடும்பத்தின் பெயர் எழுத்தில் வரும் முதல் இடம் அது. ஒரு கோட்டையின் கதை சாட்சிக் கையொப்பத்தில் தொடங்குகிறது என்று சொன்னதும், சாப்பாட்டுப் பொட்டலத்தை அக்கா மறந்தார். மோசல் பள்ளத்தாக்கையும் ஐஃபெல் மேட்டுநிலத்தையும் இணைத்த வணிகப் பாதையைக் காவல் காக்கும் இடத்தில் அன்று ஒரு சிறிய கோட்டை இருந்தது. பிளாட்எல்ட்ஸ் என்ற, ரோமனெஸ்க் எனும் இடைக்காலக் கட்டடப் பாணியிலான கோபுரம் இன்றும் மற்ற வீடுகளுக்கு நடுவே நிற்கிறது.

1268க்குச் சற்று முன்பு எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிஹ் என்ற மூன்று சகோதரர்கள் கோட்டையையும் நிலங்களையும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அன்று முதல் ஒரே கோட்டைக்குள் மூன்று கிளைகள். கேடயச் சின்னத்தில் பொன் சிங்கம் கொண்டவர்கள், வெள்ளிச் சிங்கம் கொண்டவர்கள், எருமைக் கொம்பு கொண்டவர்கள் என்று அவர்களை அடையாளம் சொன்னார்கள். ஒரு கோட்டையைப் பல வாரிசுகள் சேர்ந்து ஆளும் இந்த ஏற்பாட்டுக்கு ஜெர்மனியில் கானெர்பென்பூர்க் என்று பெயர். தமிழில் அதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை, பங்காளிக் கோட்டை. வீடு அவரவருக்கு, மதிலும் வாசலும் வழியும் எல்லோருக்கும் என்பதே இத்தகைய கோட்டைகளின் பொது விதி. யார் எந்தப் பழுதைப் பார்ப்பது, வாயிற்காவலருக்குக் கூலி எப்படிப் பகிர்வது, கோட்டைக்குள் சண்டை மூண்டால் என்ன தண்டனை என்பதையெல்லாம் பூர்க்ஃபிரீடன், அதாவது கோட்டை அமைதி, என்ற உடன்படிக்கையாக எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல் ஜெர்மன் மொழியில் நிலைத்துவிட்டது. 1914இல் உலகப் போர் தொடங்கியபோது, உள்நாட்டுக் கட்சிகள் தங்கள் சண்டையை நிறுத்தி வைத்துக்கொண்டதற்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள்.

உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், படம் எடுக்க அனுமதி இல்லை. எங்கள் குழுவுக்கு வந்தவர் கல்லூரி மாணவி போலத் தோன்றிய ஒரு பெண். முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான சுற்று, அதனால் அவர் எதையும் நீட்டவில்லை. கோட்டை முழுதும் நிறைந்திருந்த காலத்தில் மூன்று கிளைகளையும் சேர்ந்த ஏறத்தாழ 100 பேர், 100க்கு மேற்பட்ட அறைகளில் வாழ்ந்தார்கள் என்று முற்றத்தில் நின்று சொன்னார். அந்த முற்றத்தின் அகலத்தைப் பார்த்தால் அவர்கள் ஒருவர் சமையல் வாசனையை ஒருவர் தவறவிட்டிருக்க முடியாது. அக்கா நாலாபுறமும் திரும்பிக் கதவுகளை எண்ணினார்.

வெள்ளிச் சிங்கக் கிளையின் ரூபெனாஹ் வீடு 1472இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கீழ்க்கூடத்தில் ஜெர்மன் ஓவியர் மூத்த லூகாஸ் கிரானாஹ் வரைந்த மாதாவும் குழந்தையும் திராட்சைக் குலையும் கொண்ட ஓவியம் மாட்டியிருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துப் பழகிய ஒரு பெயர், இங்கே வீட்டுக் கூடத்தில் சுவரோடு சுவராக இருந்தது. ஆனால் எனக்கு அதைவிட மனத்தில் நின்றது மேல்தளப் படுக்கையறை. சுவர் முழுக்கக் கொடிகளும் பூக்களும் தீட்டியிருக்கிறார்கள். கட்டில் தரையிலிருந்து உயர்த்தி, நான்கு பக்கமும் திரை இழுத்து மூடும் வகையில் செய்யப்பட்டிருக்கிறது, குளிருக்காக. அந்த அறையின் ஒரு பக்கத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே துருத்தி நிற்கும் ஒரு சிறு மாடம் இருக்கிறது. உள்ளே பலிபீடமும் வண்ணக் கண்ணாடிச் சன்னலும் உண்டு. பலிபீடத்துக்கு மேலே மனிதர்கள் குடியிருக்கக் கூடாது என்பது திருச்சபை விதி. பல மாடிகளை அடுக்கி வாழும் வீட்டில் அந்த விதியை மீறாமல் சிற்றாலயம் அமைக்க ஒரே வழி, அதை வீட்டுக்கு வெளியே தொங்கவிடுவது. அதற்கு மேலே வானம்தான். பூசையறைக்கு மேலே குளியலறை வரக் கூடாது என்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் போட வைக்கும் நம் வீடு கட்டுபவர்களுக்கு இந்தத் தீர்வு உடனே புரியும்.

குளியலறை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோட்டையில் ஏறத்தாழ 20 கழிப்பறைகள் இருந்தன, மழைநீர் பாய்ந்து அவற்றைக் கழுவியது. 15ஆம் நூற்றாண்டுக்கு அது பெரிய வசதி. அதேபோல கெம்பெனிஹ் வீட்டில் ஒவ்வோர் அறையையும் சூடேற்ற முடிந்தது. மற்ற கோட்டைகளில் ஓரிரண்டு அறைகளுக்குத்தான் அந்த வாய்ப்பு, மீதி அறைகளில் குளிர்காலம் முழுக்கக் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டியதுதான்.

1490 முதல் 1540 வரை கட்டப்பட்ட ரோடெண்டார்ஃப் வீட்டில் உள்ள பெருங்கூடத்தில்தான் மூன்று கிளைகளும் கூடிப் பேசின. கனத்த ஓக் உத்திரங்கள், ஓரத்தில் இரும்புக் கவசங்கள். வழிகாட்டி எங்களை நடுவில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார். சுவரில் கோமாளி முகங்கள் செதுக்கியிருந்தன. அரசவையில் கோமாளி மட்டும் எதையும் சொல்லலாம், அவனுக்குத் தண்டனை இல்லை. ஆகவே இந்தக் கூடத்துக்குள் யாரும் மனத்தில் உள்ளதைப் பேசலாம் என்பது அந்த முகங்களுக்குப் பொருள். பிறகு வாசலுக்கு மேலே காட்டினார். அங்கே ஒரு ரோஜாப்பூ இருந்தது. ரோஜா மௌனத்தின் அடையாளம். பேசியது எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது.

அக்கா அந்த ரோஜாவின் கீழே கொஞ்ச நேரம் நின்றார். குழு அடுத்த அறைக்குப் போய்விட்டது. “பாகப்பிரிவினைக்கு வர்ற குடும்பம் எத்தனை பாத்திருக்கேன்,” என்றார். “உள்ளே வாயே திறக்க மாட்டாங்க. வெளியே போய் டீக்கடையில மொத்தமும் பேசுவாங்க. இவங்க அதைத் தலைகீழா வெச்சிருக்காங்க.”

கடைசியில் சமையலறை வந்தது. புகையேறிய சுவர், வாய் அகன்ற அடுப்பு, ரொட்டி சுடும் அடுப்பு, இறைச்சி வெட்டும் மரக்கட்டை. அந்தக் கட்டையின் நடுப்பகுதி குழிந்து போயிருந்தது. எத்தனை ஆண்டு வெட்டினால் ஓக் மரம் அவ்வளவு குழியும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, வெளியே உணவகத்தில் சூப் கிடைக்கும் என்று வழிகாட்டி அறிவித்துச் சுற்றை முடித்தார். பொட்டலத்தை மறந்தவன் என்ற முறையில் நான்தான் வரிசையில் நின்றேன்.

மூன்றாம் நாள்: ட்ருட்ஸெல்ட்ஸ்

ஒரு கோட்டைக்கு இரண்டாம் நாளும் போவது வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் நாள் மனிதன் கட்டடத்தைப் பார்க்கிறான், அது நின்ற இடத்தைப் பார்க்க இன்னொரு நாள் வேண்டும். இம்முறை டாக்சியில் மேட்டிலுள்ள வீர்ஷெம் கிராமம் வரை போய், அங்கிருந்து காட்டுப் பாதையில் இறங்கினோம். கோட்டைக்கு எதிரே உள்ள உயர்ந்த பாறையில் மரங்களுக்கு நடுவே உடைந்த சுவர்கள் சில நிற்கின்றன. ட்ருட்ஸெல்ட்ஸ் என்று பெயர். எல்ட்ஸை எதிர்ப்பதற்கென்றே கட்டிய கோட்டை என்று பொருள் கொள்ளலாம்.

கட்டியவர் ட்ரியர் நகரத்துப் பேராயர் பால்டுவின். பேராயர் என்றால் பூசை வைப்பவர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அன்றைய ஜெர்மனியில் ட்ரியர், மைன்ஸ், கொலோன் பேராயர்கள் நாட்டை ஆண்ட இளவரசர்கள், மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவர்கள். பால்டுவின் பேரரசர் ஏழாம் ஹென்றியின் தம்பி. 1307 முதல் 1354 வரை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பதவியில் இருந்து, சிதறிக் கிடந்த நிலங்களை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவருவதையே வேலையாகச் செய்தார். பேரரசரைத் தவிர யாருக்கும் கட்டுப்படாத நைட்டுகள், அதாவது குதிரைவீரப் பிரபுக்கள், அவருக்கு இடைஞ்சல். எல்ட்ஸ், எரன்பூர்க், ஷோனெக், வால்டெக் ஆகிய நான்கு கோட்டைகளின் பிரபுக்கள் அவருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தார்கள். 1331இல் தொடங்கிய அந்தப் பகை 1336இல்தான் முடிந்தது.

ட்ருட்ஸெல்ட்ஸின் உடைந்த சுவர் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால், பேராயரின் கணக்கு ஒரு நொடியில் புரிகிறது. எல்ட்ஸின் கூரைகள் அத்தனையும் நமக்குக் கீழே இருக்கின்றன. முற்றத்தில் நடப்பவர்களின் குடைகளின் நிறம் வரை தெரிகிறது. ஓடையும் செங்குத்துப் பாறையும் கீழிருந்து ஏறிவரும் படையைத்தான் தடுக்கும். மேலிருந்து கவண் பொறி எறியும் பாறைக் குண்டுகளுக்கு அவை ஒரு தடையே இல்லை. இரண்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு பிரபுக்கள் பணிந்தார்கள். பேராயர் கோட்டையை இடிக்கவில்லை. குடும்பத்தை வெளியேற்றவும் இல்லை. சுதந்திரத்தைக் கைவிட்டு, தன் கீழ் ஆளும் குடிகளாக உறுதிமொழி எடுத்துக்கொள்ள வைத்தார். சொந்தமாக இருந்ததை மானியமாகத் திருப்பிக் கொடுத்தது போல.

எல்ட்ஸ் பிழைத்ததைப் பற்றி எழுதுபவர்கள் பலர் அதன் மறைவான இடத்தையும் பாறையையும் புகழ்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இந்தக் கோட்டை போரில் ஒரு முறை மாட்டிக்கொண்டது, அந்த ஒரு முறையும் தோற்றது. மதில் அதைக் காப்பாற்றவில்லை. தோற்ற பிறகு செய்துகொண்ட ஒப்பந்தம் காப்பாற்றியது. அடுத்த நூற்றாண்டுகளில் அந்தக் குடும்பம் பகைவரின் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. 1567இல் எல்ட்ஸ் குடும்பத்து யாகோப் ட்ரியரின் பேராயராகவே ஆனார், அதாவது பால்டுவினின் நாற்காலியில் அமர்ந்தார். 1732இல் ஃபிலிப் கார்ல் மைன்ஸ் பேராயரானார். 1736இல் அவர்கள் இன்றைய குரோஷியாவில் உள்ள வூகோவார் பகுதியில் பெரும் பண்ணை நிலங்களை வாங்கினார்கள். அங்கேயும் எல்ட்ஸ் என்ற பெயரில் ஓர் அரண்மனை உண்டு, அது 1991 போரில் மோசமாகச் சேதமடைந்தது.

கோஹெமைத் தகர்த்த 1689 போர் இந்தப் பள்ளத்தாக்குக்கும் வந்தது. ரைன், மோசல் கரைகளில் கோட்டைகளை வரிசையாகத் தகர்த்துக்கொண்டு வந்த பிரெஞ்சுப் படையில் ஹான்ஸ் அன்டன் என்ற எல்ட்ஸ் குடும்பத்தவர் உயர் அதிகாரியாக இருந்தார். தகர்க்கப்பட வேண்டிய கோட்டைகளின் பட்டியலிலிருந்து எல்ட்ஸின் பெயர் நீக்கப்பட்டது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “ஒரு பங்காளி எதிர்க்கட்சியில இருக்கணும். அது எல்லா ஊருக்கும் பொது,” என்றார்.

அதற்கும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இன்னும் சுவையானது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் இப்பகுதியைப் பிடித்தபோது, நாட்டை விட்டு ஓடிய பிரபுக்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். பொன் சிங்கக் கிளையின் ஹூகோ ஃபிலிப் பிரபுவும் ஓடிவிட்டவர் என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள். உண்மையில் அவர் மைன்ஸ் நகரத்தை விட்டு எங்கும் போயிருக்கவில்லை. அது தெரிந்ததும் 1797இல் சொத்து திரும்பக் கிடைத்தது. எருமைக் கொம்புக் கிளை 1786இலேயே வாரிசின்றி முடிந்து அந்தப் பங்கு இவருக்கு வந்திருந்தது. 1815இல் வெள்ளிச் சிங்கக் கிளையின் ரூபெனாஹ் வீட்டையும் இவர் விலைக்கு வாங்கினார். மூன்று சகோதரர்கள் பிரித்துக்கொண்டு 547 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, கோட்டை மீண்டும் ஒரே பெயருக்கு மாறியது. அக்கா அந்தக் கணக்கை விரல்விட்டு இரண்டு முறை சரிபார்த்தார்.

இறங்கி வந்து கருவூலத்தைப் பார்த்தோம். குடும்பத்தின் பொன், வெள்ளிப் பொருள்கள், ஆயுதங்கள், பீங்கான்கள் என 500க்கு மேற்பட்டவை பாறைக்குள் இறங்கும் அறைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். ஒரு கலைமானின் மேல் வேட்டைத் தெய்வமான டயானா அமர்ந்திருக்கிறாள். பொன்முலாம் பூசிய வெள்ளி. பீடத்துக்குள் சாவி கொடுக்கும் பொறி. விருந்தில் அதை முடுக்கி மேசைமேல் விட்டால் தானே உருண்டு போகும், யார் முன்னால் நிற்கிறதோ அவர் கலைமானின் தலையைக் கழற்றி உள்ளே இருக்கும் மதுவை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். கலைமானின் கழுத்தில் அந்தத் தலை பொருந்தும் கோடு, கண்ணாடிப் பெட்டிக்கு மிக அருகில் முகத்தை வைத்தால்தான் தெரிகிறது. விளிம்பு தேய்ந்து வழவழவென்றிருந்தது. நிறைய விருந்துகள் நடந்திருக்கின்றன.

முற்றத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கெம்பெனிஹ் வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றோம். இந்தக் கோட்டையில் நடந்த பெரிய அழிவை எந்தப் படையும் செய்யவில்லை. 1920இல் பிடித்த தீயில் இந்த வீட்டின் பெரும்பகுதி எரிந்தது, அதைச் சீராக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் 1845 முதல் 1888 வரை கார்ல் பிரபு நடத்திய பெரும் புதுப்பிப்பு உண்டு. ரவெனே கோஹெமில் புதிய கோட்டை எழுப்பிய அதே ஆண்டுகளில், இங்கே இருப்பதை மாற்றாமல் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்ல் பிரபுவுக்கு 184,000 மார்க் செலவானது. 2009 முதல் 2012 வரை நடந்த அடுத்த புதுப்பிப்புக்குப் பல மில்லியன் யூரோ. ஒழுகும் கூரைதான் கோட்டைக்கு நிரந்தரப் பகைவன். மழை நிற்கும் வரை நாங்கள் சிலேட்டுக் கூரையிலிருந்து வழியும் நீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள்: மார்க்ஸ்பூர்க், பிறகு கோப்லென்ஸ்

கடைசி நாளை ஒப்பீட்டுக்காக ஒதுக்கினோம். கோப்லென்ஸிலிருந்து ரைனின் வலக்கரை ரயிலில் கால் மணி நேரம் போனால் பிரௌபாஹ். ஊருக்கு மேலே மார்க்ஸ்பூர்க். நடு ரைன் பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் தகர்க்கப்படாதது இது ஒன்றுதான்.

எல்ட்ஸ் குடியிருக்கக் கட்டிய கோட்டை என்றால், இது போருக்கென்று கட்டியது. நுழைந்ததும் பாறையையே படிகளாக வெட்டிய ஒரு சரிவு. குதிரைமேல் வருபவர்களுக்கான வழி. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஈரத்தில் வழுக்குகிறது, என் முழங்கால் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. நடுவில் 39 மீட்டர் உயரக் காவல் கோபுரம். ஆற்றை நோக்கிய பீரங்கி மேடை. 1283இல் இதை வாங்கிய காட்ஸெனெல்ன்போகன் பிரபுக்கள் ரைனில் போகும் படகுகளிடம் சுங்கம் வசூலித்துச் செழித்தவர்கள். ஆற்றைப் பார்க்கும் சன்னலில் நின்றால் அந்தத் தொழிலின் வசதி விளங்கும், எந்தப் படகும் கண்ணில் படாமல் போக முடியாது.

ஆனால் இங்கே குடும்பம் இல்லை. காட்ஸெனெல்ன்போகன் வம்சம் 1479இல் முடிந்து கோட்டை ஹெஸ்ஸே அரசுக்குப் போனது, பிறகு நாஸௌ, பிறகு பிரஷ்யா. சில காலம் சிறைச்சாலை, சில காலம் உடல் ஊனமுற்ற படைவீரர்களின் இல்லம். கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் தொடங்கிய ஜெர்மன் கோட்டைகள் சங்கம், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் துணையோடு 1900இல் 1,000 மார்க்குக்கு இதை வாங்கியது. இன்று சங்கத்தின் தலைமையகம் இதற்குள்ளேயே இயங்குகிறது. கை மாறி மாறி வந்தும் பிழைத்த கோட்டை என்பதால், மதில் அல்ல, உள்ளே இருக்கும் குடும்பம்தான் கோட்டையைக் காக்கிறது என்ற என் வாதத்துக்கு இது கொஞ்சம் இடறல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனித்தால், இதுவும் ஒருநாளும் ஆளில்லாமல் கிடக்கவில்லை. கைதிகளாவது இருந்தார்கள். ஜப்பானின் மியாகோ தீவில் இதே கோட்டையைப் பார்த்துக் கட்டிய பிரதி ஒன்று நிற்கிறது என்பதையும் கேட்டுவிட்டு, “அதுக்குப் பத்திரம் யார் பேர்ல?” என்றார் அக்கா.

மாலையில் கோப்லென்ஸில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பழைய நகரத்துச் சந்து ஒன்றில் நாணயம், பழைய நோட்டு விற்கும் சிறு கடை. சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஐரோப்பிய நோட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். யூரோ வருவதற்கு முந்தைய ஜெர்மன் 500 மார்க் நோட்டும் அதில் இருந்தது. பழைய வரிசை, செம்பழுப்பு நிறம், முன்புறம் தாடியில்லாத ஓர் ஆணின் உருவம். கடைக்காரரிடம் கேட்டு உள்ளே போனோம். அவர் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பிக் காட்டினார். பின்புறம் எல்ட்ஸ் கோட்டை.

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நேற்றுப் பார்த்த கூரைகளைத் தாளில் தேடினார். இது ரூபெனாஹ், இது ரோடெண்டார்ஃப் என்று விரலை வைக்காமல் மேலேயே காட்டிக்கொண்டு போனார். பிறகு இந்த நோட்டு இன்றும் செல்லுமா என்று கேட்கச் சொன்னார். கடையில் செல்லாது, ஆனால் ஜெர்மன் மத்திய வங்கியில் கொடுத்தால் காலவரையறை இல்லாமல் மாற்றித் தருவார்கள், ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் கணக்கில் 255 யூரோ 65 சென்ட் வரும் என்று அவர் மனப்பாடமாகச் சொன்னார். தான் கேட்கும் விலை அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்றும் சொன்னார்.

“இத்தனை வருஷம் கழிச்சும் மாத்தித் தர்றாங்களா,” என்று அக்கா நோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து கோட்டையின் நுழைவுச்சீட்டு இரண்டையும் எடுத்து, மடிப்பை நீவி, கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார். நோட்டை வாங்கவில்லை.